முள் 4-ல் நின்றால் போதும்: காற்றுப்பையில் விசைப்படகு ஏற்றுவது எப்படி

பஞ்சர் கடையில் பைக் சக்கரத்துக்குக் காற்றழுத்தம் 30 பி.எஸ்.ஐ.க்கு மேல் அடிக்கிறார்கள். 15 டன் விசைப்படகைக் கரையில் நகர்த்தும் ரப்பர் காற்றுப்பைக்கு 4 பி.எஸ்.ஐ. போதும். முதல் தடவை கேட்கிறவர்கள் "நாலா, நாப்பதா?" என்று திருப்பிக் கேட்பார்கள். நாலுதான். இந்த ஒரு எண் மனதில் பதிந்துவிட்டால் காற்றில் பாரம் தூக்கும் வேலையில் முக்கால் பங்கு புரிந்த மாதிரி.

1 பி.எஸ்.ஐ. என்பது ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 700 கிலோ. 4 பி.எஸ்.ஐ. என்றால் 2,800 கிலோ. பை படகின் அடியில் 6 சதுர மீட்டர் பரப்பில் படிந்திருந்தால் 16 டன்னுக்கு மேல் தாங்கும். தூக்குவது அழுத்தம் மட்டுமல்ல, அழுத்தமும் பரப்பும் சேர்ந்துதான். இதில் பலரும் கவனிக்காத மறுபக்கம் ஒன்று உண்டு. பை மேலே படகை எந்த அழுத்தத்தில் தள்ளுகிறதோ, அதே அழுத்தத்தில் கீழே தரையையும் தள்ளுகிறது. ஆகவே அழுத்தம் அளக்கும் கேஜில் முள் காட்டுவது தரை தாங்க வேண்டிய பாரத்தையும் சேர்த்துத்தான். முள்ளை எங்கே நிறுத்துவது என்பதைப் படகு பாதி முடிவு செய்யும், மீதியை மணல் முடிவு செய்யும். நம் ராமநாதபுரம் மாவட்டக் கரையில் மணல் ஊருக்கு ஊர் மாறுவதால் இதை விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகைக் கரையேற்றி, அடியில் ஓட்டோடு ஒட்டி வளரும் கொட்டலசைச் சுரண்டி, பலகை இடுக்கை அடைக்கும் கலப்பத்து பார்த்து, பெயின்ட் அடித்து, தண்டும் புரொப்பல்லரும் சரிபார்க்கக் கிடைப்பது அந்த இரண்டு மாதம்தான். எல்லாப் படகுக்கும் ஒரே நேரத்தில் கிரேன் வேண்டும், ஜேசிபி வேண்டும். கிரேன் வந்தாலும் மணலில் அதன் கால் புதையும். பெல்ட் போட்டுத் தூக்கும்போது பழைய மரப்படகின் விலா எலும்பு போன்ற வங்குகள் இரண்டு இடத்தில் மட்டும் நெரிபடும். ஜேசிபியை வைத்து இழுத்தால் முழு எடையும் படகின் அடிமரமான ஏராவின் மேல் உட்கார்ந்து மணலை உழுதுகொண்டே வரும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. கடலில் இறக்கிய பிறகு ஏராவை ஒட்டிய பலகையில் தண்ணீர் கசியும்போதுதான் தெரியும். பனங்கட்டை உருட்டி ஏற்றுவது இதைவிட மேலானது. ஆனால் கட்டை தொடுவது ஒரு கோட்டில்தான். பை அகலமாகப் படிந்து தொடும். படகுக்கு அது தரும் நன்மை இங்கேதான் இருக்கிறது.

கப்பல் இறக்குவதற்கென்றே செய்த இந்தப் பைகள் 1980-களின் தொடக்கத்தில் சீனக் கப்பல் தளங்களில் புழக்கத்துக்கு வந்தவை. 2011-ல் இவற்றுக்கென ஐ.எஸ்.ஓ. 14409 என்ற தரம் வந்தது. வாங்கும்போதும் வாடகைக்கு எடுக்கும்போதும் இந்த எண்ணைக் கேளுங்கள். உடல் ரப்பர்தான், ஆனால் பலம் ரப்பரில் இல்லை. லாரி டயருக்குள் இருப்பது போன்ற நூலிழைத் துணியை மூன்று முதல் பத்து அடுக்கு வரை குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி, ரப்பரோடு சேர்த்து வேகவைத்திருப்பார்கள். இரண்டு முனையும் கூம்பாகக் குறுகி ஓர் இரும்பு வாயில் முடியும். ஒரு வாயில் கயிறு கட்ட வளையம், மற்றதில் வால்வும் கேஜும். கேஜைத் தனியாகத் திருகி வைக்காமல் ‘T’ வடிவ இணைப்பில் வைத்தால், காற்று ஏறும்போதே முள்ளைப் பார்க்கலாம்.

லாரி டியூபை அடுக்கி இதே வேலையைச் செய்யலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. டியூபில் இழை கிடையாது. டயர் சுற்றிப் பிடித்திருக்கும்வரைதான் அதற்குப் பலம். வெளியே எடுத்தால் எங்கே மெலிந்திருக்கிறதோ அங்கே ஊதிக்கொண்டே போய்க் கிழியும். கிழியும் நேரத்தில் பக்கத்தில் ஆள் இருப்பார். கைவசம் இருக்கிறது என்பதற்காக ஆள் உயிரை அதில் வைக்க வேண்டாம்.

பையின் தாங்குதிறனைக் கணக்கிட ஓர் எளிய வழி இருக்கிறது. ஒரு மீட்டர் விட்டமுள்ள பையைப் படகு நசுக்கி 50 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கொண்டுவந்துவிட்டது என்று வையுங்கள். விட்டத்திலிருந்து உயரத்தைக் கழியுங்கள், அரை மீட்டர். அதை 1.57 ஆல் பெருக்கினால் 0.785. பை தரையில் படிந்திருக்கும் அகலம் அதுதான், ஏறக்குறைய 80 சென்டிமீட்டர். உயரம் 70 சென்டிமீட்டராக இருந்தால் அகலம் 47 ஆகக் குறையும். 30 சென்டிமீட்டராக நசுங்கினால் 1.1 மீட்டராக விரியும். முழு உருண்டையாக நிற்கும் பை எதையும் தாங்காது, ஏனென்றால் அது எதன் மேலும் படியவில்லை. கூடுதலாகக் காற்றடித்து விறைப்பாக வைத்தால் நன்றாகத் தூக்கும் என்ற எண்ணம் தவறாகப் போவது இங்கேதான். விறைத்த பை உயரமாகத் தூக்கும், குறுகலாகத் தொடும், படகை ஆட்டும், மணலைக் குத்தும். பாதி உயரத்துக்கு நசுங்கிய பைதான் நன்றாக வேலை செய்யும் பை.

15 டன் படகு ஒன்றை வைத்து முழுக் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். மரப்படகுக்கு ஏரா நீட்டிக்கொண்டிருப்பதால் பையை நேரே அடியில் வைக்க முடியாது. ஏரா பையின் நடுவில் குழி போட்டுவிடும், இரண்டு பக்கமும் பை மேலே பிதுங்கும். அதனால் 8 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலத்தில் ஒரு மரச்சட்டம் கட்டி, ஏராவை நடுவில் இறக்கி, வயிற்றின் இரண்டு பக்கமும் மணல் மூட்டையும் ஆப்புக்கட்டையும் கொடுத்து நிறுத்த வேண்டும். சட்டத்தின் அடிப்பக்கம் பலகை தட்டையாக, ஆணித்தலை ஒன்றும் நீட்டாமல் இருக்க வேண்டும். சட்டத்தின் எடை ஒரு டன் என்றால் மொத்தம் 16 டன். ஒரு மீட்டர் விட்டம், 4 மீட்டர் நீளமுள்ள பை நான்கு. ஒவ்வொன்றும் 4 டன் தாங்க வேண்டும். 50 சென்டிமீட்டர் உயரத்தில் பையின் படியும் அகலம் 0.785, சட்டத்தின் அகலம் 2 மீட்டர், ஆகப் பரப்பு 1.57 சதுர மீட்டர். 4 டன்னை அதால் வகுத்தால் சதுர மீட்டருக்கு 2.55 டன், அதாவது 3.6 பி.எஸ்.ஐ. தலைப்பில் இருக்கும் 4 இங்கிருந்து வந்தது.

இந்த நான்கு பையோடு இன்னும் இரண்டு கைவசம் இருக்க வேண்டும். காரணம் பை உருளும் விதம். படகு 2 மீட்டர் நகர்ந்தால் பை 1 மீட்டர்தான் நகரும். படகு முந்த, பை பின்தங்கும். 8 மீட்டர் சட்டத்தில் 2 மீட்டருக்கு ஒன்றாகப் பை வைத்தால், படகு 4 மீட்டர் போகும்போதெல்லாம் பின்னால் ஒரு பை வெளியே வந்துவிடும். அதற்குள் முன்னால் ஒரு பை தயாராகக் கிடக்க வேண்டும். வெளியே வந்ததைக் காற்று இறக்கி, உருட்டி, முன்னால் கொண்டுபோய் விரித்து மறுபடி அடிக்க நேரம் பிடிக்கும். அதனால்தான் கூடுதல் இரண்டு. பை மாறும் அந்த நேரத்தில் மூன்று பை 16 டன்னைச் சுமக்கும், ஆளுக்கு 5.3 டன். படகு நாலைந்து சென்டிமீட்டர் இறங்கும், முள் 3.6-லிருந்து 4.3 போல ஏறும். அது இயல்பு, பதறிப்போய்க் காற்றடிக்க வேண்டாம். ஒரே பையின் முள் மட்டும் தனியாக ஏறினால்தான் நிறுத்திப் பார்க்க வேண்டும். அந்தப் பை மேட்டில் ஏறியிருக்கும், அல்லது பக்கத்துப் பை காற்று விட்டிருக்கும்.

காற்று எவ்வளவு வேண்டும்? நசுங்கிய நிலையில் ஒரு பைக்குள் சுமார் இரண்டரை கன மீட்டர் இடம். 4 பி.எஸ்.ஐ.க்கு வெளிக்காற்று 3.2 கன மீட்டர், அதாவது 110 கன அடி. பஞ்சர் கடைக் கம்ப்ரசர் நிமிடத்துக்கு 10 கன அடி தள்ளினால் ஒரு பைக்குப் பதினோரு நிமிடம். நிதானமாக ஏறும், கண்ணால் பார்த்துக்கொண்டே அடிக்கலாம். பாறை உடைக்கும் டிராக்டர் கம்ப்ரசரைக் கொண்டுவந்தால் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஆனால் அது 100 பி.எஸ்.ஐ. தரும் இயந்திரம். ஓஸ் மாட்டியவர் திரும்பிப் பார்ப்பதற்குள் முள் 4-ஐத் தாண்டி 15-ல் நிற்கும். வேறு வழியில்லாமல் அதைப் பயன்படுத்தினால் நடுவில் ரெகுலேட்டரும், பையின் வாயில் 6 பி.எஸ்.ஐ.யில் திறக்கும் சேஃப்டி வால்வும் கட்டாயம். கேஜையும் கவனித்து வாங்குங்கள். டயர் கேஜ் 4 பி.எஸ்.ஐ.யை ஒழுங்காகக் காட்டாது, முள் அடிக்கோட்டிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். 0 முதல் 15 பி.எஸ்.ஐ. வரை மட்டும் காட்டும் பெரிய முகக் கேஜ் வேண்டும். மலிவான பொருள்தான். அது இல்லாமல் செய்கிற வேலை கண்ணைக் கட்டிக்கொண்டு செய்கிற வேலை.

இனித் தரை. தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் கரை பெரும்பாலும் பருமணல், நடுநடுவே பாறைத்தட்டும் முருகைக்கல் (பவளக்கல்) துண்டும். காய்ந்த தளர்மணலே சதுர மீட்டருக்கு 10 டன் அளவுக்குத் தாங்கும் என்று கட்டடக்காரர்கள் வைத்துக்கொள்வார்கள். நம் பை தருவது 3 டன்னுக்கும் குறைவு. ஆகவே மணல் பிரச்சினையே இல்லை, கல்தான் பிரச்சினை. மணலில் ஒரு சாண் ஆழத்தில் புதைந்திருக்கும் முருகைக்கல் முனை பையில் மேல் ரப்பரைத் தாண்டி இழை வரை கீறிவிடும். கடப்பாரையால் ஒரு முழத்துக்கு ஒரு தடவை குத்திப் பார்த்து, கல் தட்டுப்பட்ட இடத்தையெல்லாம் தோண்டி எடுக்க வேண்டும். எடுக்க முடியாத பாறைத்தட்டு என்றால் பழைய கன்வேயர் பெல்ட்டை இரண்டு மடிப்பாக விரித்து மேலே ஓர் அடி மணல் போடுங்கள்.

வடகடல் (பாக் நீரிணை) பக்கம் கதை வேறு. தண்ணீர் ஓரத்தில் மேலே மணல், கீழே சேறு. காலை வைத்தால் கணுக்கால் வரை இறங்கும். ஒரு ஆள் ஒற்றைக் காலில் நின்றால் பாதத்தின் கீழ் சதுர மீட்டருக்கு 4 டன் போல விழும். ஆக, நடந்து பார்ப்பதே நல்ல சோதனை. நடக்கும்போது பாதம் இரண்டு விரல் அளவுக்கு மேல் புதையாத இடத்தில் 4 பி.எஸ்.ஐ. பை போகும். கணுக்கால் புதைகிற இடத்தில் பை குழி பறித்துக்கொண்டு உட்காரும். உட்கார்ந்த பை உருளாது. அப்புறம் எவ்வளவு இழுத்தாலும் சட்டம் பையின் மேல் வழுக்கி ரப்பரைத் தேய்க்கும், அவ்வளவுதான். அங்கே அழுத்தத்தைக் கூட்டாமல் பையின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். நான்குக்குப் பதில் ஆறு பை என்றால் ஒவ்வொன்றும் 2.7 டன். உயரம் 60 சென்டிமீட்டரில் நின்றாலும் 3 பி.எஸ்.ஐ. போதும், தரைக்கு 2 டன்தான். சட்டத்தை 12 மீட்டராக நீட்டினால் இடைவெளியும் சரியாக வரும். அதோடு பனை ஓலையைக் குறுக்காக அடுக்கி மேலே பழைய வலையை இரண்டு மூன்று மடிப்பு விரித்தால் பாரம் பரவும். வலையில் ஈயக்குண்டும் இரும்பும் இல்லாமல் அறுத்துவிட்டு விரியுங்கள்.

ஏற்றும் வேலையில் முதலில் செய்ய வேண்டியது இழுக்கும் இடத்துக்கு நங்கூரம். 20 மீட்டருக்கு 1 மீட்டர் ஏறும், அதாவது 20-க்கு 1 சரிவுள்ள கரையில் 16 டன்னை மேலே இழுக்கச் சரிவுக்கு 800 கிலோ, பை உருளும் தடைக்கு எடையில் இருபதில் ஒரு பங்கு வைத்தால் இன்னொரு 800. சேர்த்து 1.6 டன். இதே படகைச் சட்டத்தோடு மணலில் இழுத்தால் 8 டன்னுக்கு மேல் வேண்டியிருக்கும். 1.6 டன் என்பது கைவின்ச்சும் ஓர் இரட்டைக் கப்பியும் போதும் என்ற அளவு. கப்பியைக் கட்டத் தென்னை மரத்தைத் தேடாதீர்கள். மணல் கரையில் தென்னையின் வேர் ஆழம் போகாது, சாய்ந்துவிடும். ஆள் நீளத்துக்கு ஒரு கனத்த கட்டையை ஒன்றரை மீட்டர் ஆழத்தில் இழுக்கும் திசைக்குக் குறுக்காகப் புதைத்து, நடுவில் கம்பிக்கயிறு கட்டி, கயிறு வெளியே வர ஒரு சாய்வு வாய்க்கால் வெட்டி மூடினால் அதுவே பிடித்துக்கொள்ளும்.

அடுத்து பையைச் செருகுவது. காற்றில்லாத பை தடித்த பாய் போல இருக்கும். சட்டத்துக்குக் கீழே ஓர் அடி உயரத்துக்கு மணலைக் குறுக்காக வாரி எடுத்தால் கயிறு கட்டி இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் இழுத்துவிடலாம். மடிப்பு விழக்கூடாது. மடிப்போடு காற்றடித்தால் அந்த மடிப்பில் இழை உடையும். நான்கு பையையும் செருகியபின் ஒவ்வொன்றிலும் 1 பி.எஸ்.ஐ. மட்டும் ஏற்றி நிறுத்துங்கள். இரண்டு பக்கமும் பை சமமாக நீட்டுகிறதா, வால்வு மேல் பார்த்து இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஒவ்வொன்றாக அரை பி.எஸ்.ஐ. வீதம் சுற்றிச் சுற்றி ஏற்றுங்கள். படகு எழும்பத் தொடங்கியதும் ஒவ்வொரு பத்து சென்டிமீட்டருக்கும் சட்டத்தின் நான்கு மூலையிலும் தாங்குகட்டை அடுக்கிக்கொண்டே வர வேண்டும். காற்று மட்டும் தாங்கும் படகுக்கு அடியில் ஒருவரும் கையைக்கூட நீட்டக்கூடாது. இதில் விட்டுக்கொடுக்கவே முடியாது. ஏராவில் ஏதோ ஆணி பார்க்கிறேன் என்று குனிகிறவரை உரிமையோடு இழுத்து வெளியே விடுங்கள்.

இரும்பு வாய்களுக்கு நேரே நிற்பதும் கூடாது. பை வெடிக்காமல் வாய் மட்டும் கழன்றாலும் அது பையின் நீளவாக்கில்தான் பறக்கும். காற்றடிப்பவர் நீள ஓஸ் வைத்துக்கொண்டு, பைக்கு நேராக இல்லாமல் விலகி, படகின் அணியத்துக்கு (முன்முனைக்கு) வெளியே மூலையில் நிற்க வேண்டும்.

நகரும்போது படகைத் திருப்ப வேண்டுமா? அதற்குக் கயிற்றைப் பக்கவாட்டில் இழுக்காதீர்கள். முன்னால் வைக்கும் பையைக் கொஞ்சம் கோணலாக வைத்தால் போதும். பை உருளும் திசைக்குச் சட்டம் தானே திரும்பும். வேண்டாமல் திரும்புகிறது என்றாலும் காரணம் அதுதான், ஏதோ ஒரு பை கோணலாகக் கிடக்கிறது. இரண்டு பை நெருங்கி ஒன்றின் மேல் ஒன்று ஏறுவதும் கோணலில்தான் ஆரம்பிக்கும். பைகளுக்கு நடுவே எப்போதும் ஒரு முழம் வெறும் மணல் தெரிய வேண்டும்.

வேலை கெட்டுப்போகும் காரணங்களில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புத்திசாலிகள் செய்யும் தவறு அது. ஒவ்வொரு பைக்கும் தனித்தனியாக அடிப்பானேன், எல்லாவற்றையும் ஒரே ஓஸில் சேர்த்துவிட்டால் அழுத்தம் சமமாக இருக்குமே என்று தோன்றும். அழுத்தம் சமமாகத்தான் இருக்கும். ஆனால் படகு சாயும். அமரத்தில் (பின்முனையில்) எஞ்சின் இருப்பதால் பின்பக்கம் கனம். அந்தப் பை நசுங்கும்போது அதிலுள்ள காற்று ஓஸ் வழியே அணியத்துப் பைக்கு ஓடிவிடும். பின்பக்கம் இன்னும் இறங்கும், இன்னும் காற்று ஓடும். தனித்தனியாக மூடியிருந்தால் நசுங்கிய பையின் அழுத்தம் ஏறி, அதுவே எதிர்த்து நிற்கும். அந்த எதிர்ப்புதான் படகை நிமிர்த்தி வைக்கிறது. அடித்து முடித்ததும் வால்வை மூடி ஓஸைக் கழற்றிவிடுங்கள்.

அடுத்தது வெயில். கறுப்பு ரப்பர் சித்திரை வெயிலில் 60 டிகிரி தொடும். காலையில் 30 டிகிரியில் 5 பி.எஸ்.ஐ. அடித்து மூடிய பை, பாரம் இல்லாமல் கிடந்தால், மத்தியானம் 7-ஐ நெருங்கும். பாரத்தின் கீழே என்றால் முள் கொஞ்சம் ஏறும், படகு கொஞ்சம் எழும்பி தாங்குகட்டை தளரும். சாயங்காலம் அதே பை இறங்கி, தளர்ந்த கட்டை கோணலாக மாட்டிக்கொள்ளும். வேலையை விடிகாலையில் தொடங்கிப் பத்து மணிக்குள் முடிப்பது நல்லது. முடியாவிட்டால் பையின் மேல் தென்னங்கீற்று போட்டு, கட்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்க ஓர் ஆளை நிறுத்துங்கள். படகைப் பல நாள் நிறுத்துவது எப்போதும் கட்டையின் மேல்தான். பை நகர்த்துவதற்கு, நிறுத்திவைப்பதற்கு அல்ல.

கொட்டலசு மூன்றாவது. சட்டம் கட்டாமல் ஃபைபர் படகையோ தட்டை அடிப் படகையோ நேரே பையில் ஏற்றுகிறவர்கள் முதலில் அடியைச் சுரண்ட வேண்டும். கொட்டலசின் விளிம்பு பிளேடு மாதிரி. ஒரு தடவை உருண்டால் பையின் முதுகெல்லாம் நூறு கீறல் விழும். ஒரு மீட்டர் பையே தேவைப்படாத சிறிய ஃபைபர் படகுக்கு இரண்டு மூன்று சிறு பை போதும், ஆனால் சுரண்டாமல் வேண்டாம்.

கடலில் இறக்குவது ஏற்றுவதைவிட இலகுவாகத் தோன்றும், ஆனால் கவனம் அதிகம் வேண்டும். 20-க்கு 1 சரிவில் இறங்கும்போது சரிவும் உருளும் தடையும் ஏறக்குறைய சமம். மணல் கொஞ்சம் இறுகியிருந்தால் படகு தானே ஓடத் தொடங்கிவிடும். பின்னாலிருந்து பிடிகயிறு இல்லாமல் ஒரு கட்டையையும் எடுக்கக்கூடாது. தண்ணீருக்குள் நுழைந்ததும் இன்னொன்று சேரும். முழுகிய ஒவ்வொரு பையும் இரண்டரை டன் அளவுக்கு மேலே எழும்பப் பார்க்கும். படகின் ஒரு முனை மிதக்கத் தொடங்கியதும் அதன் அடியிலுள்ள பை விடுபட்டு அம்பு மாதிரி வெளியே சீறும். தண்ணீரில் நிற்கும் ஆளின் இடுப்பை உடைக்க அது போதும். ஒவ்வொரு பைக்கும் தனிக் கயிறு, கயிற்றின் மறுமுனை கரையில். தண்ணீருக்குள் ஆள் கிடையாது. அதே நேரத்தில் மிதந்த முனை எழும்ப, கரைப்பக்க முனையின் கடைசிப் பை பெரும்பங்கு பாரத்தைத் தனியாக வாங்கும். அதனால் கடைசி இரண்டு பையை நெருக்கமாக, ஒரு முழ இடைவெளியில் வையுங்கள்.

நம் கரையில் கடல்நீர் ஏறும் ஏத்தத்துக்கும் வடியும் வத்தத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டரைத் தொடாது. ஆக, தண்ணீர் வந்து படகைத் தூக்கிக்கொண்டு போகும் என்று எதிர்பார்க்க முடியாது. வடகடலில் இடுப்பளவுத் தண்ணீருக்கே வெகுதூரம் போக வேண்டியிருக்கும். அமாவாசை, பௌர்ணமி ஏத்தத்தைப் பார்த்து நாள் குறியுங்கள். வாடைக் காலத்தில் வடகடலிலும், கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் தென்கடலிலும் இந்த வேலையே வேண்டாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் சுற்றியுள்ள பவளப்பாறையும் 1986 முதல் கடல்வாழ் தேசியப் பூங்கா. புயலில் படகு அங்கே போய் ஏறிவிட்டால் பையைக் கொண்டுபோய் நாமே இழுக்கக்கூடாது, வனத்துறையிடம் சொல்லி அவர்கள் காட்டும் வழியில்தான் எடுக்க வேண்டும். பவளம் ஒரு நாளில் உடையும், வளர வாழ்நாள் பிடிக்கும்.

மூடிய பையைப் பற்றி இவ்வளவு. இதற்குச் சித்தப்பா மகன் முறையில் ஒன்று இருக்கிறது: காற்றை வேண்டுமென்றே கசியவிடும் தட்டு. ஏர் காஸ்டர் என்பார்கள். ஐஸ் பிளான்ட்டில் 5 டன் கம்ப்ரசரை ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்கு நகர்த்தும் வேலைக்கு இது பொருத்தம். உருளைப்பைக்குப் பதில் வளையமாக ஒரு ரப்பர்ப் பை, நடுவில் தட்டு. நான்கு மூலையில் நான்கு. காற்று விட்டதும் வளையம் உப்பித் தரையில் ஒட்டும், நடுக்குழியில் அழுத்தம் ஏறும், தாங்க முடியாமல் காற்று வளையத்துக்கும் தரைக்கும் நடுவே கசியும். அந்தக் கசிவின் தடிமன் தலைமுடி அளவுதான், ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு போல. ஆனால் அதன் மேல் 5 டன் இயந்திரம் தரையைத் தொடாமல் நிற்கும். தள்ளுவதற்கு ஒரு டன்னுக்கு ஐந்து கிலோ விசைகூட வேண்டாம், இரண்டு பேர் கையால் தள்ளலாம்.

அந்த இலகுவே அதன் ஆபத்து. தரை ஒரு மீட்டருக்கு அரை சென்டிமீட்டர் சரிந்திருந்தாலும் இயந்திரம் தானே ஓடும். ஐஸ் பிளான்ட்டில் தண்ணீர் வடிய எல்லாத் தரையும் சரிவுதான். அதனால் நான்கு பக்கமும் கயிறு பிடித்துத்தான் காற்றைத் திறக்க வேண்டும். உப்புத் தண்ணீர் அரித்துப் பொரிந்த சிமென்ட் தரையில் காற்றெல்லாம் பள்ளம் வழியே ஓடிவிடும், தட்டு எழும்பாது, கிரீச்சென்று சத்தம் மட்டும் வரும். ஒரு மில்லிமீட்டர் தகரத்தை விரித்து, மூட்டுகளை டேப்பால் ஒட்டினால் தீரும். வடிகாலை மூடும் கம்பித்தட்டியின் மேல் தகரம் வளையாமல் கீழே இரும்புப்பட்டை கொடுங்கள். தட்டு அதிர்ந்து குதிக்கத் தொடங்கினால் காற்று அதிகம் என்று அர்த்தம், ரெகுலேட்டரை மெல்லக் குறைத்தால் அடங்கும். இங்கும் ஒவ்வொரு தட்டுக்கும் தனி வால்வு, மேலே சொன்ன அதே காரணத்துக்காக. இதை மணலில் முயற்சி செய்ய வேண்டாம், மணல் காற்றைக் குடித்துவிடும்.

மணலில் கசியவிட்டு மிதக்க வேண்டுமானால் பரப்பைப் பல மடங்கு கூட்டி அழுத்தத்தைப் பல மடங்கு குறைக்க வேண்டும். மண்டபத்தில் கடலோரக் காவல்படையின் ஹோவர்கிராஃப்ட் செய்வது அதைத்தான். அதன் அடியிலுள்ள காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்குச் சில நூறு கிலோதான், அரை பி.எஸ்.ஐ.கூட இல்லை. நம் பாதம் புதைகிற சேற்றில் அது புதையாததற்கு வேறு மந்திரம் இல்லை. 2022 மார்ச்சில் இலங்கையிலிருந்து வந்து அரிச்சல்முனைக்கு அப்பால் மணல்திட்டில் தவித்தவர்களை அதில் போய்த்தான் மீட்டார்கள். படகு தட்டும் ஆழத்தில் அது தட்டாது. பாவாடை மாதிரித் தொங்கும் ரப்பர்த் துணியின் நுனி விரல்கள் சிப்பி ஓட்டிலும் மணலிலும் தேய்ந்துகொண்டே இருக்கும், அதனால்தான் அவற்றைத் தனித்தனியாக மாற்றும்படி தைத்திருப்பார்கள்.

மறுபடி நம் பைக்கு. வேலை முடிந்த அன்றே நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். வால்வின் திருகு மரையில் உப்பும் மணலும் சேர்ந்தால் அடுத்த வருடம் அது மூடாது. நிழலில் இரண்டு நாள் காயவிட்டு, பவுடர் தூவித் தளர்வாகச் சுருட்டி, தரையைத் தொடாமல் பலகை மேல் வையுங்கள். டீசல் கேனும் கிரீஸ் டப்பாவும் அதே அறையில் வேண்டாம், ரப்பர் ஊறும். அடுத்த தடைக்காலத்துக்கு முன் வெறும் பையில் 5 பி.எஸ்.ஐ. அடித்து ஒரு மணி நேரம் நிழலில் விட்டுப் பாருங்கள். முள் கால் பி.எஸ்.ஐ.க்கு மேல் இறங்கினால் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழியைத் தேடுங்கள். பெரும்பாலும் வாய் வளையத்தின் ஓரத்தில்தான் இருக்கும். வளையத்தின் போல்ட்டை எதிரெதிராக இறுக்கினால் நின்றுவிடும். உடலில் இழை வெளியே தெரியும் கீறல் இருந்தால் அந்தப் பையை ஒட்டுப்போட்டும் படகுக்கடியில் வைக்காதீர்கள். வெட்டித் தரை விரிப்பாகப் போடுங்கள், கன்வேயர் பெல்ட்டைவிட நன்றாக உழைக்கும்.